பொன்வேட்டையும் வகுப்பறையும்

கனடாவின் வடமேற்கு மூலையிலுள்ள யூக்கொன் நாட்டிலே, 1896ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் நாள், ஒரு சிற்றோடையிற் பொன் காணப்பட்டது. கண்டவர் யாவரென வினவின், பழைய நூல்கள் பல யோர்ச் கார்மக் என்னும் ஒரு பெயரையே கூறும். அன்று அவருடன் சென்றிருந்தோர் அவர் மனைவியார் கேற், அவ்வம்மையாரின் உடன்பிறந்தானாகிய சுக்கும் யிம், யிம்மின் மருகன் சார்லி என்னும் பழங்குடியினர். முதலிற் பொன்னைக் கண்டவர் யிம்மே என்பது அவர்தம் இனத்தார் வழிவழியாகக் கூறுவது. ஆயினும், கண்டுபிடித்தவர்க்குரிய காணியைத் தம் பெயரிற் பதிந்தவர் கார்மக். பதிவேட்டில் ஏறிய பெயரே நூல்களிலும் ஏறிற்று. சான்று எது, வழக்கு எது என ஆராயும் பயிற்சியை மாணாக்கர்க்கு அளிக்க இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ?

இனி எண்களைக் காண்போம். 1897 யூலையிற் பொன் சுமந்த கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவையும் சியாற்றிலையும் அடைந்தன. செய்தி பரவவே ஏறத்தாழ 100,000 பேர் புறப்பட்டனர். டோசன் நகரை அடைந்தோர் 30,000 முதல் 40,000 வரையினர். பொன் பெற்றோர் சில ஆயிரவரே. நல்ல நிலங்கள் அவர்கள் வருமுன்னரே பிறர் கைப்பட்டிருந்தன. ஓராண்டுக்கு வேண்டிய உணவின்றி எல்லை கடக்கலாகாது எனக் கனேடியக் காவற்படையினர் விதித்தமையால், ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரு தொன் பாரத்தைச் சில்கூற் கணவாயின் பனிச்சரிவிலே பன்முறை ஏறியிறங்கிச் சேர்த்தனர். 1899இல் அலாஸ்காவின் நோம் கடற்கரையிற் பொன் உண்டென்று கேட்டதும் பல்லாயிரவர் டோசனை விட்டகன்றனர். இவ்வெண்களைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாற் போதும். பேராசை தீதென ஆசிரியர் வாய்திறந்து கூறவேண்டுவதில்லை.

மொழியாசிரியர்க்கும் இங்கே பணியுண்டு. கிளொண்டைக் என்பது மரூஉ. துரொண்டெக் என்பதே ஹான் மக்கள் அவ்வாற்றுக்கு இட்ட பெயர். மீன் தடுக்கும் கழிகளை ஆற்றில் அறைந்து நாட்டுதற்குரிய கல்லைச் சுட்டுவது. பொன் தேடுவோர் திரளுமுன் அத்துறை சால்மன் மீன்பிடிக்குப் பேர்பெற்றிருந்தது. தம்மவர் நிலை தளர்வது கண்ட தலைவர் ஐசாக், குடிகளை ஆற்றின் கீழ்ப்புறத்துள்ள மூசையிட் என்னுமிடத்திற் குடியேற்றினார். பாடல்களும் ஆடல்களும் அழிந்துபடாவண்ணம் அவற்றை அலாஸ்காவிலுள்ள உறவினரிடம் அடைக்கலமாக ஒப்புவித்தார். பல்லாண்டு கழித்து அவை மீண்டும் உரியவரிடம் வந்து சேர்ந்தன. 2023இல் அந்நிலம் துரொண்டெக்-கிளொண்டைக் என்னும் பெயரால் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

தோண்டியெடுத்த பொன் உலகெங்கும் சிதறிப் போயிற்று. அடைக்கலம் வைத்த பாட்டோ வீடு திரும்பிற்று. இவ்விரண்டனுள் எது செல்வம் என்னும் வினாவோடு பாடத்தை முடிப்போமாக. விடையை மாணாக்கரே கூறட்டும்.