ஸ்கோப் பொருத்தியும் குறி தவறுகிறதா?

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-ஆம் ஆண்டு ரியோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் தங்கம் வென்றார். நம்மைப் போலவே வெளிமாநிலத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண். இதைக் கேட்ட பிள்ளைகள் "எனக்கும் ஒரு ஏர் ரைபிள் வேண்டும்" என்று அடம் பிடித்தால் வியப்பில்லை.

வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் குழலை மடக்கி ஸ்பிரிங்கை அழுத்தும் சாதாரண வகை. சில மாதங்களில் அதற்கு ஒரு ஸ்கோப்பும் வருகிறது. அதன் பிறகுதான் தலைவலி. நேற்று நடுவில் விழுந்த குண்டு இன்று ஓரத்தில் விழுகிறது. "துப்பாக்கி மட்டம்" என்பார் கடைக்காரரைத் திட்டும் அப்பா. "உனக்குக் கை நிதானமில்லை" என்பார் அண்ணன். பல வீடுகளில் ஆசை அத்தோடு பரணுக்குப் போய்விடும். உண்மையில் குற்றம் பெரும்பாலும் இரண்டு மூன்று திருகாணிகளில்தான் இருக்கிறது.

இரண்டு உதைகள்

விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. துப்பாக்கி பின்னே உதைக்கிறது. அடுத்த கணமே பிஸ்டன் அழுத்தப்பட்ட காற்றில் மோதி நிற்கிறது. துப்பாக்கி முன்னே வெட்டி இழுக்கிறது. குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. துப்பாக்கி முன்னே பாயும்போது, மேலே இருக்கும் ஸ்கோப் பின்தங்கி, மயிரிழை மயிரிழையாகப் பின்னால் நகர்கிறது. பின்னுதையை மட்டும் தாங்கச் செய்த ஸ்கோப்புகளின் உள்ளிருக்கும் குறுக்குக் கோடுகளே இதில் தளர்ந்து போவதுண்டு. ஆகவே வாங்கும்போது "ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு ஏற்றதா?" என்று கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும் முறை

முதலில் துப்பாக்கியின் மேலுள்ள 11 மில்லிமீட்டர் பள்ளத்தில் எண்ணெய்ப் பசை இல்லாமல் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். இரண்டு தனி வளையங்களைவிட, ஒரே துண்டாக உள்ள மவுண்ட் நல்லது. அதன் அடியில் உள்ள தடுப்பு ஊசி, துப்பாக்கியில் அதற்கென உள்ள துளையில் இறங்க வேண்டும். இந்த ஊசிதான் ஸ்கோப் பின்னே நகராமல் காக்கிறது.

பத்து மீட்டர் தூரத்தில் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, துப்பாக்கியைச் சாயாமல் நிமிர்த்தி வைத்து, ஸ்கோப்பின் நெடுங்கோட்டை அந்த நூலோடு பொருத்துங்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் ஏறத்தாழ மூன்று அங்குல இடைவெளி இருக்கட்டும். வளையத் திருகாணிகளை ஒன்றை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். குறுக்காக மாற்றி மாற்றி, கால் சுற்று கால் சுற்றாக முடுக்குங்கள். பலம் முழுவதையும் காட்டினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும்.

கிளிக் கணக்கு

ஒரே குண்டைப் பார்த்து ஸ்கோப்பைத் திருப்பக் கூடாது. ஐந்து குண்டுகள் சுட்டு, அவை ஒன்றாகக் கூடி விழுகின்றனவா என்று பாருங்கள். சிதறினால் ஸ்கோப்பைத் தொடவே வேண்டாம். காரணம் வேறெங்கோ இருக்கிறது. கூடி விழுந்து, ஆனால் நடுவிலிருந்து விலகியிருந்தால் மட்டும் திருப்புங்கள். நூறு கஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும் ஒரு கிளிக், பத்து மீட்டரில் சுமார் 0.7 மில்லிமீட்டர்தான் நகர்த்தும். குண்டுகள் 14 மில்லிமீட்டர் கீழே விழுந்தால் இருபது கிளிக் வேண்டும்.

முழுக்கத் திருப்பியும் கீழேயே விழுகிறதா? மடக்குக் குழல்கள் சில, பூட்டிய நிலையிலும் இம்மியளவு கீழ்நோக்கியே நிற்கும். பின்வளையத்தில் ஸ்கோப்புக்கு அடியில் பழைய பிலிம் துண்டு ஒன்றை வைத்தால் குறி மேலேறும்.

குறுக்குக் கோடு கண்ணை அசைத்தால் இடம் மாறுகிறதா? முன் கண்ணாடியைத் தூரத்துக்கேற்பத் திருப்பும் வசதியுள்ள ஸ்கோப் என்றால், பத்து மீட்டருக்கு வைத்துவிடுங்கள். இல்லையென்றால் கன்னத்தை ஒவ்வொரு முறையும் கட்டையில் அதே இடத்தில் பதிக்கப் பழக வேண்டும்.

இறுக்கிப் பிடிக்காதீர்கள்

இந்தத் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கக் குறி கெடும். இடது உள்ளங்கையை விரித்து, கட்டையை அதன்மேல் சும்மா உட்கார வையுங்கள். மேஜை விளிம்பிலோ செங்கல்லிலோ நேராகச் சாய்க்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் அது ஒரே விதமாக உதைக்க விட வேண்டும்; அவ்வளவுதான் ரகசியம்.

கட்டையின் பக்கவாட்டுத் திருகாணிகள் சுடச்சுடத் தளரும், அடிக்கடி சோதியுங்கள். குழல் மடங்கும் மூட்டின் மேல் ஒரு மெல்லிய காகிதத் துணுக்கை வைத்துச் சுடுங்கள். அது பறந்தால் உள்ளே ரப்பர் வளையம் தேய்ந்து காற்று கசிகிறது என்று பொருள். குண்டில்லாமல் சுடுவதும், அழுத்திய நிலையில் மணிக்கணக்கில் வைப்பதும் ஸ்பிரிங்குக்கும் பிஸ்டனுக்கும் கேடு. விளிம்பு நசுங்கிய பெல்லட்டை ஒதுக்கிவிடுங்கள். பெல்லட் ஈயம் என்பதால், சுட்டு முடித்ததும் பிள்ளைகள் கை கழுவிய பிறகே எதையும் சாப்பிட வேண்டும்.

பெற்றோர் கவனத்துக்கு

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழலுக்கும், 20 ஜூலுக்கு மேற்பட்ட விசைக்கும் உரிமம் வேண்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள். ஸ்கோப்பின் வட்டத்துக்குள் இலக்கு மட்டுமே தெரியும். பக்கத்தில் யார் வருகிறார்கள் என்பது தெரியாது. எனவே பெரியவர் ஒருவர் அருகில் நிற்காமல் சுடவே கூடாது. இலக்குக்குப் பின்னால் பழைய செய்தித்தாள்களை நெருக்கி அடைத்த பெட்டியும், அதற்கும் பின்னால் சுவரும் இருக்கட்டும். பால்கனியும் பறவைகளும் இலக்கல்ல.

போட்டியே குறிக்கோள் என்றால் ஸ்கோப்புக்குச் செலவழிக்க வேண்டாம். சர்வதேச 10 மீட்டர் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. அங்கே பத்து மதிப்பெண் பெறும் புள்ளியின் அகலம் வெறும் அரை மில்லிமீட்டர். அதற்கு உங்கள் ஊர் ரைபிள் கிளப்பே சரியான இடம்.

வீட்டில் குறி தவறினால் முதலில் கட்டைத் திருகாணி, பிறகு மவுண்ட், பிறகு பெல்லட், பிறகு பிடிப்பு என்று வரிசையாகப் பாருங்கள். பிள்ளையின் கையைக் குறை சொல்வது இவை எல்லாவற்றுக்கும் பிறகே.