மேகசினில் எத்தனை ரவுண்டு?

1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, இடையிடையே ஆங்கிலேயரிடம் போய்த் திரும்பி, 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு இணைந்த ஊர் காரைக்கால். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து கப்பல் ஏறியவர்களை இந்தப் பக்கத்தில் ‘சொல்தா’ என்பார்கள். முதல் உலகப் போர், இந்தோசீனா என்று அவர்கள் கண்ட களங்கள் பல. இன்று இந்தக் கடலோர மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி என்றால் ஒலிம்பிக் விளையாட்டு. சொல்தாவுக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் நடுவே என்னென்ன மாறின என்பதைத் துப்பாக்கியின் ஓர் உறுப்பை வைத்தே சொல்லிவிடலாம். அது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின்.

அன்றைய பிரெஞ்சுச் சிப்பாயின் துப்பாக்கி 1886ஆம் ஆண்டு மாதிரியான லெபெல். அதற்குத் தனி மேகசின் கிடையாது. குழலுக்குக் கீழே ஒரு குழாய். அதற்குள் 8 தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். சுடச்சுட முன்பாரம் குறையும், கையின் சமநிலை மாறும். மறுபடி நிரப்புவதற்குள் எதிரி நெருங்கிவிடுவான். அடுத்து வந்த பெர்த்தியேவில் முதலில் 3தான். முதல் போரின் நடுவில் அதை 5 ஆக்கினார்கள். இந்தோசீனாவில் பரவலாகப் புழங்கிய மாஸ்-36க்கும் 5. காரைக்கால் எல்லைக்கு வெளியே, ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த தஞ்சாவூர் ஜில்லாவில், போலீஸும் பட்டாளமும் அறிந்தது .303 லீ-என்ஃபீல்டு. அதில் 10.

.303இல் ஒரு கண்டிப்பான பாடம் உண்டு. அந்தத் தோட்டாவின் அடியில் விளிம்பு புடைத்திருக்கும். மேலே வைக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். மாறிப்போனால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும், போல்ட் நகராது. நிரப்புவது என்பது எண்ணிப் போடுவது மட்டுமல்ல, அடுக்குவதும்கூட என்று அந்தக் காலத்துப் பயிற்சியிலேயே தெரிந்துவிடும்.

பட்டாளத்தில் அந்த எண்ணிக்கை பிறகு ஏறிக்கொண்டே போனது. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் படைக்குப் போனபோது அவர்கள் கைக்கு ஃபமாஸ் வந்தது. அதன் மேகசினில் 25. ஒருமுறை சுட்டதும் வீசிவிடுவதற்கென்றே மெல்லிய தகட்டில் செய்த மேகசின் அது. சிக்கனம் கருதி அதையே திரும்பத் திரும்ப நிரப்பச் சொன்னார்கள். வாய்ப்பகுதி நெளிந்தது, தோட்டா சிக்கியது. பழி மட்டும் துப்பாக்கியின் மேல் விழுந்தது. இப்போது அந்தப் படையில் இருக்கும் ஹெச்கே416க்கு 30. நம் ராணுவத்தின் இன்சாஸுக்கு 20. உள்ளே எத்தனை மிச்சம் என்று தெரிய வேண்டுமென்று அதை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். 1999 கார்கில் குளிரில் அது விரிசல் கண்டதாகப் புகார் எழுந்தது.

போட்டித் துப்பாக்கி இதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்தது. தேசிய ரைஃபிள் சங்கம் 1951இல் தொடங்கியது. முதல் மக்களவையின் சபாநாயகர் ஜி. வி. மவ்லாங்கர்தான் அதன் முதல் தலைவர். அந்த நாளில் இது ராஜாக்களும் அதிகாரிகளும் ஆடிய ஆட்டம். அவர்களுக்கு வெளியே சாமானியப் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே வாசல் என்.சி.சி. அங்கே .22 ரைஃபிள்; தோட்டாவை எண்ணிக் கொடுத்து, காலி கேஸையும் எண்ணி வாங்குவார்கள். ஒன்று குறைந்தால் மைதானத்தை விட்டு யாரும் நகர முடியாது.

சட்டமும் அதே திசையில் நின்றது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் விதிகளும் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ராணுவ வகை ரைஃபிள்களைத் தடைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. 2019 திருத்தம், ஒருவர் உரிமத்தில் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. போட்டியாளர்களுக்கு மட்டும் தனிச் சலுகை. அமெரிக்கப் போட்டிகளில் 30, 40 தோட்டா மேகசின்களை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடியபடி சுடுகிறார்கள். அங்கேயும் 1994 முதல் 2004 வரை, 10க்கு மேல் கொள்ளும் புது மேகசின்களைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை இருந்தது. நம் ஊர்ப் போட்டியாளருக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை.

ஒலிம்பிக் விதியும் ரைஃபிளுக்கு மேகசினை அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றியே சுட வேண்டும். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டரில் வெண்கலம் வென்றதும் அப்படித்தான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் தொடக்கம் அதுதான். 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத, 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் தராத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். நீளமான ஒரு கூடம் போதும்.

எண்ணிக்கை ஒன்றாகச் சுருங்கியதும் கவனம் அந்த ஒன்றின்மேல் குவிந்தது. பெல்லட்டின் தலை 4.49ஆ, 4.50ஆ என்று பார்த்து வாங்குகிறார்கள். எந்தத் தொகுதி தன் குழலுக்கு ஒத்துவருகிறது என்று சுட்டுப் பார்த்து, அதே தொகுதியைச் சேர்த்து வைக்கிறார்கள். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். முன்பு ஸ்பிரிங்கின் விசையால் ஓடிய ஏர் ரைஃபிள் இன்று அழுத்தக் காற்றுச் சிலிண்டரில் ஓடுகிறது. சிலிண்டரின் காலாவதி ஆண்டையும் பார்த்தாக வேண்டும்.

மேகசின் இன்னும் உயிரோடு இருக்கும் இடம் 25 மீட்டர் பிஸ்டல். ரேபிட் ஃபயரில் 5 தோட்டா, 5 இலக்கு. கெடு 8 நொடி, பிறகு 6, கடைசியில் 4. 2012 லண்டனில் விஜய்குமார் வெள்ளி வென்ற போட்டி இது. துப்பாக்கி தானாகச் சிக்கினால் அந்தச் சுற்றை மறுபடி சுட விதி இடம் தருகிறது. ஆனால் மேகசினைச் சரியாகச் செருகாததால் அது கழன்று விழுந்தால் சலுகை இல்லை. ஆகவே தேர்விலும் பராமரிப்பிலும் கண்டிப்பு வேண்டும். அந்தத் துப்பாக்கிக்கென்று தயாரித்த மேகசின்தான் வாங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் எண் எழுதி வைத்தால், சிக்கல் வந்த எண்ணைப் போட்டி நாளில் ஒதுக்கிவிடலாம். தோட்டாவை வெளியே தள்ளும் வாயின் உதடுகள் நெளியக் கூடாது. சிமெண்டுத் தரையில் விழுந்ததை நம்ப முடியாது. .22 தோட்டாவுக்கும் .303 போலவே புடைத்த விளிம்பு உண்டு. அந்தப் பழைய பாடம் இங்கேயும் செல்லும்.

காரைக்கால் போன்ற கடற்கரை ஊரில் இன்னொரு தொல்லையும் சேரும். .22 தோட்டாவின் ஈயத்தலையில் மெழுகோ கிரீஸோ பூசியிருப்பார்கள். அதில் மணலும் கரியும் ஒட்டிக்கொள்ளும். உப்புக் காற்று ஸ்பிரிங்கில் துரு ஏற்றும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பஞ்சு வைத்த பெட்டியே ஈரத்தைப் பிடித்து வைக்கும். கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, ஸ்பிரிங்கை இழுத்துப் பார்க்காமல் திரும்ப மாட்ட வேண்டும். துருவுக்குப் பயந்து எண்ணெயைத் தாராளமாக விட்டால் தூசி சேரும், தோட்டாவின் பற்றுமருந்தும் கெடக்கூடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலமும், மாதத்துக்கு இருமுறை திறந்து காற்றாட வைப்பதும் போதும்.

60 தோட்டா போட்டியில் ரைஃபிள்காரர் 60 முறை கையால் ஏற்றுகிறார். ரேபிட் ஃபயர் பிஸ்டல்காரர் 12 மேகசின் செருகுகிறார். எத்தனை என்பதை அன்று ராணுவம் முடிவு செய்தது, இன்று சட்டமும் போட்டி விதியும் முடிவு செய்கின்றன. ஏறும் தோட்டா சிக்காமல் ஏறுவதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் கை மாறவில்லை. சொல்தாவைப் போலவே இன்றைய போட்டியாளருக்கும் அது சொந்த வேலைதான்.