கேட்டுட்டுக் கொடுங்க பாஸ்!

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் நிற்கிறீர்கள். ‘சிதம்பரம்... சிதம்பரம்...’ என்று கண்டக்டர் கூவுகிறார். ஏறி உட்காருங்க. உங்க ஊரை ஒட்டி ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது இல்லையா? நாமும் அந்தப் பக்கம்தான் போகிறோம். சிதம்பரத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் பிச்சாவரம்.

படகில் சுத்தி போட்டோ எடுக்க இல்லை மக்களே! ‘வெளிநாட்டு உதவி’, ‘வளர்ச்சித் திட்டம்’ என்றெல்லாம் பாடத்தில் படிக்கிறோமே, அது உருப்படியாக நடந்தால் எப்படி இருக்கும், சொதப்பினால் எப்படி இருக்கும் என்று ஒரே கடற்கரையில் பார்த்துவிட்டு வரத்தான்.

உப்புமா ஃப்ளாஷ்பேக்

முதலில் வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் கேளுங்க. 1960களில் ஸ்கூலில் என்ன சாப்பிட்டீங்கன்னு. ‘கேர்’ அமைப்பு மூலம் வந்த அமெரிக்க உப்புமாவையும் பால் பவுடரையும் பற்றி ஒரு கதை கண்டிப்பாக வரும். பசித்த பிள்ளைக்கு அது பெரிய விஷயம். மறுக்கவே முடியாது.

ஆனால், கொடுக்கிற கையில் ஒரு கயிறும் இருந்தது. 1965, 66 வறட்சியில் ‘பி.எல். 480’ திட்டத்தில் வந்த அமெரிக்கக் கோதுமையை நம்பித்தான் இந்தியா இருந்தது. அதிபர் ஜான்சன் கோதுமையை மொத்தமாக அனுப்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழ்த்துவிட்டார். விவசாயக் கொள்கையை மாற்று, வியட்நாம் போரைப் பற்றி அடக்கி வாசி என்று நெருக்கடி வேறு. பசுமைப் புரட்சியில் நாம் அவ்வளவு வேகம் காட்டியதற்கு அந்த அவமானமும் ஒரு காரணம்.

படகு வந்தது... யாருக்கு?

இப்போ 2004 டிசம்பர் 26-க்கு வருவோம். சுனாமி. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட உயிர்கள். தமிழகம் முழுக்கச் சுமார் 8,000. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை என்று கரையோர ஊர்கள் சிதைந்து கிடந்தன.

அப்போது இந்திய அரசு, ‘வெளிநாட்டு அரசுகளின் நிவாரண உதவி வேண்டாம், நாங்களே சமாளிப்போம்’ என்று சொன்னது. சொன்னதோடு நிற்காமல் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் நம் கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. மறுசீரமைப்புக்கு மட்டும் 2005-ல் உலக வங்கி 46.5 கோடி டாலரும், தமிழகம், கேரளாவுக்காக ஆசிய வளர்ச்சி வங்கி 20 கோடி டாலரும் ஒதுக்கின. இதில் பெரும்பகுதி இனாம் இல்லை, கடன்!

அரசுகள் ஒருபக்கம் இருக்க, தொண்டு நிறுவனங்கள் குவிந்தன. நல்ல மனசுதான், சந்தேகமே இல்லை. ஆனால் ரோட்டோரம் மலை மாதிரி பழைய துணி சேர்ந்தது. சீண்ட ஆளில்லை. வீடு போனதால் மானமும் போய்விடுமா என்ன?

அடுத்தது ஃபைபர் படகு. படகு கொடுப்பது போட்டோவுக்கு அழகு. பளபளவென்று பெயின்ட், பக்கவாட்டில் கொடுத்தவர் பெயர். போட்டி போட்டுக் கொடுத்ததில், பல ஊர்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகப் படகுகள் ஆகிவிட்டன. படகு கூடினால் கடலில் மீன் கூடுமா? இருக்கிற மீனுக்கு இத்தனை படகு தாங்காது என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பே எச்சரித்தது.

அதே நேரம் பட்டியலில் பெயரே இல்லாதவர்களும் இருந்தார்கள். கூடையில் மீன் சுமந்து விற்கும் பெண்கள். மீனவர் குப்பங்களை நம்பிக் கூலி வேலை செய்த தலித் குடும்பங்கள். கிள்ளை, பிச்சாவரம் பக்கம் சேற்றுத் தண்ணீரில் இறங்கி, கையால் தடவியே இறால் பிடிக்கும் இருளர்கள். படகு இழந்தவருக்குப் படகு என்றால், படகே இல்லாமல் பிழைத்தவருக்கு? ‘நீ என்ன இழந்தே?’ என்று அவர்களிடம் கேட்க ரொம்ப நாள் ஆச்சு.

மீன் முள் மாதிரி ஒரு கால்வாய்

இப்போ பிச்சாவரம் காட்டுக்குள் போவோம். இந்த அலையாத்திக் காடு ஒரு காலத்தில் திட்டுத்திட்டாகச் செத்துக்கொண்டிருந்தது. ‘ஜனங்க வெட்டுறாங்க, மாடு மேயுது’ என்று ஊர்க்காரர்கள் மேல் பழி. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் இறங்கி ஆராய்ந்தபோது விஷயம் வேறு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பகுதி பகுதியாக மொட்டையடித்து மரம் வெட்டியதில், வெயில் பட்டு மண் காய்ந்து, தரை தொட்டி மாதிரி அமுங்கிவிட்டது. உள்ளே வந்த கடல் தண்ணீர் திரும்பிப் போக வழியில்லை. தேங்கி, காய்ந்து, உப்பேறி... எந்தச் செடி பிழைக்கும்?

தீர்வு ரொம்ப சிம்பிள். மீன் முள் வடிவத்தில் நடுவே ஒரு கால்வாய், இரண்டு பக்கமும் கிளைக் கால்வாய்கள். ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், வற்றும்போது வெளியே போகும். பிறகு நடவு. 1990களின் நடுவிலிருந்து இதற்குப் பணம் தந்தது இந்திய - கனடா சுற்றுச்சூழல் நிதியம். கூட நின்றது வனத்துறை. சுற்றுவட்டார கிராமத்து மக்களோடு உட்கார்ந்து பேசி, குழு அமைத்து, அவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் வேலை நடந்தது. கால்வாயில் கல்வெட்டு வைத்தால் சேற்றில் புதைந்துவிடும். அதனால் விளம்பரமும் இல்லை!

சுனாமி வந்தபோது, கடலூர் கடற்கரையில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வுக் கட்டுரை வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் 18 குக்கிராமங்களை ஆராய்ந்து கிட்டத்தட்ட இதையே சொன்னார்கள். மறைக்காமல் இன்னொன்றும் சொல்லணும். ‘காரணம் காடு மட்டுமில்லை, கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்பதும்தான்’ என்று 2006-ல் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த வாதம் எப்படிப் போனாலும், இறாலும் நண்டும் வளர ஒரு காடு திரும்பி வந்ததே, அதை யார் மறுக்க முடியும்?

இரண்டுமே வெளியிலிருந்து வந்த பணம்தான். ஒன்று, கையில் இருப்பதைக் கொடுத்தது. இன்னொன்று, என்ன பிரச்னை என்று கேட்டுவிட்டுக் கொடுத்தது. வித்தியாசம் அவ்வளவுதான்!

இப்போ நம்ம டர்ன்

‘சரி பாஸ், எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?’ என்கிறீர்களா? இருக்கு. இன்று நாமும் கொடுக்கிற இடத்தில் இருக்கிறோம். 2022-ல் இலங்கை தவித்தபோது 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர்காக்கும் மருந்துகள் என 123 கோடி ரூபாய்க்கு உதவி அறிவித்தது தமிழக அரசு. 2024-ல் பசிபிக் கடலில் இருக்கும் பப்புவா நியூ கினியில் மலை சரிந்தபோது இந்தியா 10 லட்சம் டாலர் கொடுத்தது. உப்புமா வாங்கித் தின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம்.

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல், 2015-ல் பெருவெள்ளம். கடலூர் மாவட்டத்துக்கு இதெல்லாம் புதுசு இல்லை. அடுத்த முறை உங்க காலேஜ் என்.எஸ்.எஸ். வண்டி கிளம்பும். க்ளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ‘டிரெஸ், பிஸ்கட் கலெக்ட் பண்ணலாமா?’ என்று மெசேஜ் வரும். அலமாரியில் கிடக்கும் பழைய சுடிதாரைத் தேடி உங்க கையும் போகும்.

ஒரு நிமிஷம்! முதலில் அந்த ஊர் ஆள் யாருக்காவது போன் போடுங்க. ‘அண்ணே, உங்களுக்கு இப்போ என்ன வேணும்?’ நாப்கினா, தார்ப்பாயா, மாட்டுக்கு வைக்கோலா, புத்தகம் நனைந்துபோன பிள்ளைக்கு நோட்டா... அவங்க சொல்வாங்க. அடுத்த கேள்வியையும் மறக்காதீங்க. ‘உங்க ஊர்ல யாருக்கு இன்னும் எதுவும் கிடைக்கல?’ மெயின் ரோட்டோர ஊருக்கு நாலு வண்டி போயிருக்கும். உள்ளே இருக்கும் காலனிக்கும் இருளர் குடியிருப்புக்கும் ஒன்றுகூடப் போயிருக்காது.

வண்டியை அங்கே திருப்பச் சொல்லுங்க.