பத்தாயிரத்துக்குக் கீழே ஒரு பள்ளம்

பத்துக்குக் கீழே மிக அருகில் இருக்கும் பகா எண் 7. நூறுக்குக் கீழே 97, ஆயிரத்துக்குக் கீழே 997. மூன்று முறையும் இடைவெளி 3தான். இந்த ஒழுங்கை நம்பிப் பத்தாயிரத்துக்கு வந்தால், 27 எண்கள் இறங்கி 9973 வரை போக வேண்டியிருக்கிறது. லட்சம், பத்து லட்சம், கோடி, பத்துக் கோடி என்று ஏறினால் இடைவெளிகள் முறையே 9, 17, 9, 11. நூறு கோடியில் திடீரென்று 63. பகா எண்களுக்கு ஒழுங்கே கிடையாது என்று பலரும் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். அது அவசர முடிவு. இந்தத் தாறுமாறில் பாதிக்குக் காரணம் சொல்ல முடியும், அதுவும் பள்ளிக் கணக்கை வைத்தே.

பத்தின் எந்த அடுக்கையும் 3ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே நூறிலிருந்து மேலே எந்த அடுக்கிலும் 1, 7, 13, 19 ஆகியவற்றைக் கழித்தால் கிடைப்பது 3ஆல் வகுபடும். அந்த இடைவெளிகள் பட்டியலில் ஒருநாளும் வரா. இன்னும் அழகானது 9இன் கதை. லட்சத்திலும் கோடியிலும் அது வருகிறது. பத்தாயிரம், பத்து லட்சம், பத்துக் கோடியில் வருவதில்லை. பின்னவை மூன்றும் வர்க்க எண்கள், 9உம் வர்க்க எண். வர்க்கத்திலிருந்து வர்க்கத்தைக் கழித்தால் அது இரண்டு காரணிகளாகப் பிரிந்துவிடும்: 9991 என்பது 97 × 103, 9,99,991 என்பது 997 × 1003. ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பிள்ளை ஒருத்தி கணினியே இல்லாமல், தாளும் பென்சிலும் கொண்டு இதைச் சரிபார்த்துவிடலாம். கணிதத்தில் இதைவிடப் பெரிய ஜனநாயகம் எனக்குத் தெரியாது.

பத்து என்பதே நம் விரல்களால் வந்த தற்செயல்தானே, அதில் என்ன விதி என்று கேட்கலாம். அடிமானம் தற்செயல்தான், ஆனால் எட்டை அடிமானமாகக் கொண்டாலும் பன்னிரண்டைக் கொண்டாலும் வர்க்கங்களின் வித்தியாசம் இப்படித்தான் உடையும். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: எங்கே பகா எண் இருக்காது என்பதைத்தான் இவை சொல்கின்றன, எங்கே இருக்கும் என்பதையல்ல. உண்மைதான். நூறு கோடியை ஒட்டிப் பகா எண்களின் சராசரி இடைவெளி ஏறத்தாழ 21. அங்கே 63 ஏன் என்பதற்கு இத்தகைய எளிய விடை இல்லை. ஆனால் பகா எண் எங்கே இருக்கும் என்ற கேள்வியையும் விடாதவர் ராமானுஜன். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த அவர், 1913இல் ஆங்கிலக் கணிதவியலர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்களின் எண்ணிக்கைக்கு ஒரு சூத்திரம் தந்தார். அதன் பிழை அவர் நம்பிய அளவைவிடப் பெரியது. ஆனால் 1919இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில், 1ஐவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் நடுவே பகா எண் நிச்சயம் உண்டு என்ற பழைய முடிவுக்குச் சுருக்கமான புதிய நிறுவல் தந்தார். ஒன்றோடு அவர் நிற்கவில்லை: 11 முதல் குறைந்தது இரண்டு, 17 முதல் மூன்று, 29 முதல் நான்கு, 41 முதல் ஐந்து பகா எண்கள், அந்தந்த எண்ணின் பாதிக்கு மேல் அந்த எண் வரை எப்போதும் இருக்கும் என்று காட்டினார்.