கார்-டி சிகிச்சையின் நரம்பியல் பக்கவிளைவு

கார்-டி செல் சிகிச்சை பெறும் இரத்தப் புற்றுநோயாளிகளில் சிலருக்கு மூளையின் செயல்பாட்டில் ஏற்படும் குழப்பநிலை ஐகேன்ஸ் எனப்படுகிறது. நோயாளியின் டி அணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றணுக்களின் மேலுள்ள சிடி19 போன்ற புரதத்தை அடையாளம் காணுமாறு மரபணு மாற்றம் செய்து, பெருக்கி, மீண்டும் உடலில் செலுத்துவதே இச்சிகிச்சை.

செலுத்தப்பட்ட அணுக்கள் புற்றணுக்களைத் தாக்கும்போது சைட்டோகைன் என்னும் வேதிப்பொருள்கள் பெருமளவில் வெளிப்படுகின்றன. பொதுவாக முதலில் காய்ச்சல் வரும். பிறகு இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு தளர்ந்து, நரம்பு அறிகுறிகள் தலைகாட்டும். சொல் கிடைக்காமல் தடுமாறுதல், கை நடுக்கம், மந்தநிலை ஆகியன தொடக்க அடையாளங்கள். முற்றினால் வலிப்பும் மூளை வீக்கமும் உண்டாகலாம். ஜேகார்015 என்னும் மருந்தின் ஆய்வில் ஐவர் மூளை வீக்கத்தால் இறந்ததையடுத்து, 2017இல் அம்மருந்து கைவிடப்பட்டது.

இதைக் கண்டறியும் முறை தொடக்கப்பள்ளித் தேர்வைப் போன்றது. மொத்தம் 10 மதிப்பெண். ஆண்டு, மாதம், ஊர், மருத்துவமனை ஆகியவற்றைச் சொன்னால் 4. மூன்று பொருள்களின் பெயருக்கு 3. சொன்னபடி செய்வது, ஒரு வாக்கியம் எழுதுவது, நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணுவது ஆகியவற்றுக்குத் தலா 1. இரண்டும் அதற்குக் கீழும் பெறுவது கடுமையான நிலை. இவற்றுள் கையெழுத்துதான் நல்ல துப்பு. நேற்று நேராக எழுதியவரின் எழுத்து இன்று கிறுக்கலாகிவிடும். தமிழ் மட்டும் அறிந்தவரிடம் தமிழில்தான் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் மொழி தெரியாததை நோய் என்று எண்ணிவிட நேரும்.

முதன்மை மருந்து டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு. காய்ச்சல் நிலையில் கைகொடுக்கும் டோசிலிசுமாப் மூளைக்குள் எளிதில் செல்லாததால் இதற்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. தக்க சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் சில நாள்கள் முதல் சில வாரங்களில் தெளிவடைகின்றனர்.

மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 2023 அக்டோபரில் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது. வெளிநாட்டு மருந்துகளைவிட இதன் விலை பன்மடங்கு குறைவு. ஆயினும் பல லட்சம் ரூபாய் ஆகிறது. வேலூர் சிஎம்சி மருத்துவமனை தன் வளாகத்திலேயே அணுக்களைத் தயாரித்து ஆய்வு நடத்தியுள்ளது.

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சுமார் 80 கிலோமீட்டர். பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். அணு செலுத்தியபின் முதல் சில வாரங்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கச் சொல்வது இதனால்தான். உடனிருப்பவர் பேச்சையும் கையெழுத்தையும் நாள்தோறும் கவனித்து, மாற்றம் தெரிந்தால் களைப்பு என்று விட்டுவிடாமல் அன்றே, இரவானாலும், மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.