பொருள் வரும் முன்பே பணம்: கூட்டு நிதி திரட்டலில் கவனிக்க வேண்டியவை

இன்ஜினியரிங் படித்து முடித்த மகன் ஒரு நாள் வந்து, "வாப்பா, வேலைக்குப் போகவில்லை. நானே ஒரு பொருள் தயாரிக்கப் போகிறேன். முதலீடு வேண்டாம், மக்களிடமே பணம் திரட்டிக்கொள்வேன்" என்கிறான். இது நடக்கக்கூடியதா? பயப்பட வேண்டியதா? கொஞ்சம் விளங்கிக்கொள்வோம்.

கூட்டு நிதி திரட்டல் என்றால் என்ன?

2009-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கிக்ஸ்டார்ட்டர் இணையதளம்தான் இதற்குப் பெரிய உதாரணம். தயாரிக்கப்போகும் பொருளின் மாதிரியைக் காட்டி, ஒரு தொகையை இலக்காக அறிவிக்க வேண்டும். பிடித்தவர்கள் பணம் தர ஒப்புக்கொள்வார்கள். குறிப்பிட்ட நாளுக்குள் இலக்கை எட்டினால்தான் பணம் கைக்கு வரும். இல்லையென்றால் யாரிடமும் ஒரு காசு எடுக்கப்படாது.

பணம் தருபவர் பங்குதாரர் அல்ல. லாபத்தில் அவருக்குப் பங்கில்லை. ஒக்குலஸ் என்ற கண்ணாடிக் கருவி 2012-ல் இப்படித்தான் சுமார் 24 லட்சம் டாலர் திரட்டியது. 2014-ல் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தை சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியபோது, ஆரம்பத்தில் கைகொடுத்தவர்களுக்கு அதில் பங்கு எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டு அனுபவங்கள்

எரிக் மிகிகோவ்ஸ்கி என்ற கனடா நாட்டு இளைஞர் 2012 ஏப்ரலில் பெபிள் என்ற ஸ்மார்ட் வாட்சுக்காக ஒரு லட்சம் டாலர் கேட்டார். சுமார் 69,000 பேர் சேர்ந்து ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். செப்டம்பரில் தருவதாகச் சொன்ன வாட்ச் அடுத்த ஜனவரியில்தான் அனுப்பத் தொடங்கியது. தாமதமானாலும் பொருள் வந்தது. ஆனால் 2016 இறுதியில் அந்த நிறுவனமே மூடப்பட்டு, அதன் முக்கியச் சொத்துகளை ஃபிட்பிட் வாங்கியது.

இரண்டாவது, 2014-ல் வந்த கூலஸ்ட் கூலர். மிக்ஸி, ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்த ஐஸ் பெட்டி. கேட்டது 50,000 டாலர், வந்தது 1.3 கோடி டாலர். ஆனால் ஒரு பெட்டியைச் செய்து அனுப்பும் செலவு, வாங்கிய பணத்தைத் தாண்டிவிட்டது. மோட்டார் வர வேண்டிய தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் வேறு. 2019-ல் நிறுவனம் மூடப்பட்டபோது, பணம் கொடுத்த ஆயிரக்கணக்கானோருக்குப் பெட்டி வரவே இல்லை.

கணக்கு எங்கே தவறுகிறது?

ஒரு கற்பனைக் கணக்கு. 100 டாலர் வீதம் 1,000 பேர் தருகிறார்கள். மொத்தம் ஒரு லட்சம். இணையதளக் கட்டணம் 5 சதவீதம், கார்டு கட்டணம் சுமார் 3 சதவீதம் போனால் மீதி 92,000. பொருள் ஒன்றுக்கு 60 டாலர் என்றால் 60,000. பிளாஸ்டிக் உடலுக்கான அச்சு 25,000. பேக்கிங், தபால் 10,000. மொத்தச் செலவு 95,000. ஆயிரம் பேர் கைதட்டிய பிறகும் 3,000 டாலர் நஷ்டம்! சம்பளம், வரி, பழுதாகித் திரும்பி வருபவை இதில் சேரவில்லை.

மேசையில் ஒரு மாதிரி செய்வது ஒரு வேலை, அதையே ஆயிரக்கணக்கில் ஒரே தரத்தில் செய்வது வேறு வேலை. அதோடு, மின்னணுப் பொருள் என்றால் விற்கும் நாட்டின் பாதுகாப்புச் சான்றும் வேண்டும்.

மகனிடம் கேட்க வேண்டியவை

வேலை செய்யும் மாதிரி கையில் இருக்கிறதா? தொழிற்சாலையிடம் எழுத்தில் விலை வாங்கியாயிற்றா? தபால் செலவு கணக்கில் இருக்கிறதா? சொல்லும் தேதி ஆறு மாதம் தள்ளிப்போனால் சமாளிக்கப் பணம் உண்டா? எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கு ஆர்டர் வந்தால் என்ன செய்வாய்? முடிந்த அளவோடு ஆர்டரை நிறுத்திக்கொள்வதில் வெட்கமில்லை.

இதற்கெல்லாம் பதில் இருந்தால் துஆ செய்து அனுப்பி வையுங்கள். இல்லையென்றால், பதில் கிடைக்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். திரட்டிய பணம் லாபம் அல்ல. பொருள் போய்ச் சேரும்வரை அது முகம் தெரியாத ஆயிரம் பேரின் அமானிதம்.