கலைக்கூடமும் பெருங்கொடையும்

வள்ளுவர் அறத்துப்பாலிலே ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; பொருட்பாலிலோ இரவு என ஓர் அதிகாரமும், அதனை அடுத்து இரவச்சம் என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். இரத்தல் தகும் எனவும், அதற்கு அஞ்சுக எனவும் அடுத்தடுத்துக் கூறியது முரண்போலத் தோன்றும். யாரிடத்தே, எதன்பொருட்டு, எவ்வாறு கேட்கின்றோம் என்பதற்கேற்பவே கேட்டல் பெருமையாகவோ சிறுமையாகவோ முடியும் எனக் கொண்டால் அம்முரண் நீங்கும். மேலைநாட்டுக் கலைக்கூடங்கள் செல்வரிடத்துப் பெருங்கொடை வேண்டும் முறையை ஆராய்வார்க்கு இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

ஐக்கிய அமெரிக்காவிலுள்ள பெரிய கலைக்கூடங்களிற் பல அறங்காவலர் சபைகளால் நடத்தப்படுவன. நுழைவுக் கட்டணம் அவற்றின் செலவில் ஒரு பகுதிக்கே போதுமானது. எஞ்சியதற்கு மூலநிதியின் வருவாயையும் கொடைகளையுமே அவை நம்பியிருக்கின்றன. ஆதலின் கொடை திரட்டுதல் அங்கே தனித்ததொரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. கொடுக்கக்கூடியவரை அறிதல், அவர் மனம் எதனை நாடுகின்றது என்பதை உணர்தல், கூடத்தின் பணியோடு அவரை நெடுங்காலம் பழக்குதல், தக்க சமயத்தில் தக்கவர் வாயிலாகக் கேட்டல், பெற்றபின் கணக்குக் காட்டி நன்றி பேணல் என அத்தொழில் பல படிகளையுடையது. கேட்டல் அவற்றுள் ஒரு படியே. இதற்குத் தலைமை தாங்குவோர் கூடத்தின் பணிப்பாளரும் அறங்காவலருமாவர். தாம் கொடாத அறங்காவலர் பிறரைக் கொடுக்குமாறு கேட்பின் அச்சொல் எடுபடாது.

கொடையின் அளவைக் காட்டிலும் அது வரும் நிபந்தனையே பெரிதென்பதற்கு வாசிங்டனிலுள்ள தேசிய கலைக்கூடம் சான்று. திறைசேரிச் செயலாளராயிருந்த அன்றூ மெல்லன் என்னும் செல்வர் தம் ஓவியத் தொகுதியையும், அதனை வைப்பதற்குரிய மாளிகையையும் நாட்டுக்கு அளிப்பதாக 1936ஆம் ஆண்டு டிசம்பரிற் சனாதிபதி ரூசுவெல்ற்றுக்கு எழுதினார். 1937ஆம் ஆண்டிலே சட்டசபை அதனை ஏற்றது. அம்மாளிகைக்குத் தம் பெயரை இடலாகாது என்பது மெல்லனின் விருப்பம். ஒருவர் பெயர் தாங்கிய கூடத்துக்குப் பிறர் தம் செல்வத்தை ஈயத் தயங்குவர் என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் 1937இலேயே காலமானார். கூடம் 1941இல் திறக்கப்பட்டது. எனினும் 1939இற் கிறெசு என்பாரும் 1942இல் வைடனர் என்பாரும் தத்தம் பெருந்தொகுதிகளை அக்கூடத்துக்கு அளித்தனர். பெயரை விட்டுக்கொடுத்தமையே மேலும் கொடைகளை ஈர்த்தது எனலாம்.

இதற்கு மறுதலையாயது நியூயோர்க்கு மெற்றோபொலிற்றன் நூதனசாலையின் அனுபவம். சக்ளர் குடும்பத்தின் பெயர் தாங்கிய பகுதி அங்கே 1978இல் திறக்கப்பட்டது. பின்னாளில் அக்குடும்பத்துட் சிலருக்கு உரிய மருந்து நிறுவனம் விற்ற நோவகற்றும் மருந்தொன்று பலரை அடிமைப்படுத்தியமை பற்றிப் பெருங்கண்டனம் எழுந்தது. அந்நிறுவனத்தோடு தொடர்புடைய அக்குடும்பத்தாரிடமிருந்து இனிக் கொடை பெறுவதில்லை என நூதனசாலை 2019இல் அறிவித்தது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஏழு காட்சியிடங்களிலிருந்து அப்பெயரை நீக்குவதாகவும் அறிவித்தது. கொடுப்பவர் யார் என்று ஆராயாது பெறுதலும், சுவரிற் பெயரைப் பொறித்தலும் எளிது. பொறித்த பெயரை அழிக்க நேர்வது பெரிதும் வருந்தத்தக்கது.

இவ்விரண்டினும் கடியதொரு சோதனை டெற்றோயிற் நகரக் கலைக்கூடத்துக்கு நேர்ந்தது. அக்கூடத்தின் தொகுதி நகரசபைக்கு உரியதாயிருந்தது. 2013ஆம் ஆண்டு யூலை 18ஆம் நாள், ஏறத்தாழ 18 பில்லியன் டொலர் கடனோடு நகரம் வங்குரோத்து நிலையை நீதிமன்றிலே பதிவுசெய்தது. புறூகலின் திருமண நடனம், வான்கோவின் தன்னுருவம் முதலாய ஓவியங்களை விற்றுக் கடனிறுக்கலாமே எனக் கடன்கொடுத்தோர் கேட்டனர். மறுபுறத்தே, ஆயுள் முழுதும் நகரத்துக்கு உழைத்து இளைப்பாறியோரின் ஓய்வூதியம் குறைக்கப்படும் நிலை. ஓவியமோ முதியோரின் உணவோ என்ற வினாவுக்கு முன்னே, ஓவியம் என விடைகூற எவர் துணிவர்?

சமரசம் செய்ய நியமிக்கப்பட்ட நீதிபதி றோசன் அவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்தார். போட் நிதியம் 125 மில்லியனும், கிறெசுகி நிதியம் 100 மில்லியனுமாக, அறநிதியங்கள் 366 மில்லியன் டொலர் தர இசைந்தன. மிச்சிகன் மாநில அரசும் தன் பங்கை அளித்தது. கலைக்கூடம் 100 மில்லியன் திரட்டித் தருவதாக உறுதி கூறியது. இருபது ஆண்டுக் கணக்கில் இவை யாவும் சேர்ந்து 816 மில்லியன் ஆயின. பணம் ஓய்வூதிய நிதிக்குச் சென்றது. ஓவியங்கள் நகரசபையின் உடைமையினின்று நீங்கி, ஊதியநோக்கற்ற ஒரு கழகத்தின் உடைமையாயின. 2014 நவம்பரில் நீதிமன்றம் இத்திட்டத்தை ஏற்றது. ஓய்வூதியக் குறைப்பு முற்றாக நீங்கவில்லையாயினும் பெரிதும் தணிந்தது.

இங்கே கொடை திரட்டியோர் செய்த அருஞ்செயலை நோக்குக. அவர் கேட்ட பணத்தால் ஒரு புதிய ஓவியமும் வாராது. ஒரு புதிய மண்டபமும் எழாது. கொடுத்தவர் பெயர் தாங்கும் சுவரும் இல்லை. கூடத்துக்குரிய மூலநிதியும் அதனால் ஒரு காசும் பெருகாது. முன்பின் அறியாத முதியோரின் ஊதியத்துக்காக அவர் கேட்டனர். மோட்டார் வண்டி நிறுவனங்கள் மூன்றும் சேர்ந்து 26 மில்லியன் தர உறுதியளித்தன. கலைக்கூடம் தனக்கென மட்டும் கேட்டிருப்பின் இத்துணை கிடைத்திருக்குமோ என்பது ஐயமே. ஊரின் துயரோடு தன் துயரை ஒன்றாக்கிக் கேட்டமையாலேயே அது பிழைத்தது.

ஆகவே, பெருங்கொடை திரட்டும் பணிக்குத் தலைமை தாங்குவோர் செல்வர் பட்டியலை மாத்திரம் கையிற் கொண்டாற் போதாது. எதன்பொருட்டுக் கேட்கின்றோம், யாரிடம் பெறுகின்றோம், எதனை விட்டுக்கொடுக்கின்றோம் என்னும் மூன்றுக்கும் ஊரார் முன் விடைகூற வல்லவராதல் வேண்டும். கல்லூரிக்கோ, நூல்நிலையத்துக்கோ, ஆலயத்துக்கோ பொருள் திரட்டுவார்க்கும் இதுவே விதி. அவ்வாறு விடைகூற வல்லவரிடத்தே இரவச்சம் இல்லை. அவர் கேட்டலும் ஈகையின் ஒரு கூறேயாம்.